சட்டை முதுகில் அச்சடித்த ஊர்கள்

அக்கா, இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்களால் காட்ட முடியாது என்று தெரிந்தும் கெஞ்சுகிறேன். பழக்கம் அப்படி. நாம் சேர்ந்து செய்த எதையும் "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க்கா" என்று சொல்லித்தானே தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் பழைய போனின் உறை என் மடியில் இருக்கிறது. கம்பெனியில் வெட்டி மிஞ்சிய சாம்பல் நிறப் பனியன் துணியில் நீங்களே தைத்தது. அதன் வாயை விரித்து மூக்கருகில் வைத்தால் புதுத்துணி வாசனையும் உங்கள் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வருகின்றன. சிம் இல்லாத, பாட்டு மட்டுமே இருக்கிற போன். கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குக் கிளம்பிய அன்று, "நான் வார வரைக்கும் நீ வச்சுக்கோ. ஊருல தம்பி புடுங்கிருவான்" என்று என் புத்தகப் பைக்குள் செருகினீர்கள். அங்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்ட செய்தி வந்துவிட்டது. போன் என்னிடம் இருப்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு சட்டையில் ஆரம்பித்தது. நீங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த அறைதான் உங்களுடையது. ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி, இன்னைக்கு என் மானம் போச்சு. கருப்பு டீசர்ட்டு ஒண்ணு வந்துச்சு. முன்னால ஏதோ பேரு. முதுகுல பாத்தா ஊரு ஊரா எழுதி, பக்கத்துல தேதி வேற. எனக்குப் பதறிட்டு. டெலிவரி லிஸ்ட்ட சட்டையிலயே அடிச்சுட்டானுவன்னு அம்புட்டுப் பீசையும் ரிஜெக்ட்ல தூக்கி வச்சிட்டேன்."

"அப்பறம் என்னாச்சுங்க்கா?"

"சூப்பர்வைசர் சிரிச்ச சிரிப்புல கட்டிங் டேபிள் வரைக்கும் திரும்பிப் பாத்தாவ. அது பாட்டுக்காரங்க பேராம். அவங்க கச்சேரி நடக்குற ஊராம். நான் என்னத்தக் கண்டேன்?"

நான் சிரித்துச் சிரித்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குக் கோபம். "சிரிக்காதட்டி. ஒரு வாரமா மடிச்சு அடுக்குதேன். யாரு என்னன்னு தெரியாண்டாமா?" என்று அன்றைக்கே அந்தப் பெயரைத் தேடி ஆல்பத்தை இறக்கினீர்கள்.

ஞாயிறு மதியம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், ஆளுக்கு ஒரு இயர்போன். கிடார் என்று போட்டிருந்தது, கிடார் போலவே இல்லை. தூரத்தில் யாரோ பெரிய தகரக் கதவை மெல்லத் தள்ளுவது போல ஒரு சத்தம் எழுந்தது. எழுந்தது அடங்கவே இல்லை. நான்கு நிமிடம் ஆகியும் யாரும் பாடவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களாக்கா?"

"எனக்கும் தெரியலட்டி. சும்மா கெட."

ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது என்பது ஆறாம் நிமிடத்தில் டிரம்ஸ் வந்து விழுந்தபோதுதான் புரிந்தது. அந்த ஒற்றை அடியில் என் கையில் மயிர் சிலிர்த்தது. நீங்கள் என் கையைப் பிடித்துப் பார்த்து, உங்கள் கையையும் நீட்டிக் காட்டினீர்கள்.

அதன்பின் தேடித் தேடிக் கேட்டோம். பெயர்களை வாயில் நுழைக்க முடியாததால் நம் தொழிலில் இருந்தே பெயர் வைத்தோம். துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்களே, அதே கணக்கு. நீல அட்டை ஆல்பம் நூற்று இருபது. வெயில் காலச் சட்டை மாதிரி, போட்டிருப்பதே தெரியாது. மூடுபனி அட்டை முந்நூறு. குளிர் நாட்டுக்குப் போகும் கனத்த துணி, உள்பக்கம் பஞ்சு. அதில் பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுவது போல இருக்கும். ஒரு வார்த்தைகூடப் புரியாது. புரியாததால்தான் அது என்னுடையதாக இருந்தது. அந்தக் குரலுக்குள் நான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். கணக்குப் பரீட்சையை வைத்தேன், அப்பாவின் கோபத்தை வைத்தேன். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

உங்களுக்கு நீலம்தான் உசத்தி. எனக்கு மூடுபனி. "தூங்குமூஞ்சிப் பாட்டு" என்பீர்கள். இப்போதும் சொல்கிறேன் அக்கா, நான் சொன்னதுதான் சரி. நீலம் முதல் தடவையிலேயே தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். மூடுபனியை நூறு முறை கேட்டுவிட்டேன், இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

அதன் கடைசிப் பாட்டின் அடியில் ஒரே சீராக ஓடும் ரீங்காரம்தான் நம் இருவருக்கும் உயிர். ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்று எப்போதும்போல உங்கள் அறையில் அதே பாட்டைப் போட்டால் ரீங்காரத்தைக் காணோம். போன் கெட்டுவிட்டது என்று தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். சாயங்காலம் கரண்ட் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கம்பெனியில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓடத் தொடங்கியது. ரீங்காரமும் வந்தது! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அட கூறுகெட்ட கழுதைகளா" என்று நம் இருவரையும் சேர்த்தே திட்டினீர்கள். பிறகு உங்கள் இன்னொரு போனில் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக வைத்து, இந்தப் போனில் பதிவு செய்தீர்கள். "மெஷினோட இருக்குறதுதாம்ட்டி நம்ம ஆல்பம்." அந்தப் பதிவில் பாட்டு இருக்கிறது, மெஷின் இருக்கிறது, கூடவே நீங்கள் முனகுவதும் இருக்கிறது. முடிவில் "கேக்குதாட்டி?" என்று என்னைக் கேட்கிறீர்கள்.

போன வாரம் உங்கள் தம்பி அறையைக் காலி செய்ய வந்தார். நீங்கள் சொன்னதுபோல முரடர் இல்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "அவகிட்ட இன்னொரு போன் உண்டும். ஆஸ்பத்திரியில கொண்டுபோனது லாக்காயிக் கெடக்கு. அம்மா அவ குரல ஒருக்கக் கேக்கணும்னு ஒரே அழுக. நீ பாத்தியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் அப்பா நின்றார். நான் "இல்லீங்க" என்றேன்.

அப்பா சொன்னது உங்களுக்குத் தெரியும். "பத்தாவது முடியற வரைக்கும் போன் கையில பாத்தேன், அடுத்த நாளே பேக்கிங் செக்சன்ல கொண்டுபோய் உட்டுப்போடுவேன்." மூன்றாவது வீட்டு அக்காவை அவர் அப்பா அப்படித்தான் விட்டார். அந்தப் பயத்தில் உங்கள் அம்மாவிடமிருந்து உங்கள் குரலைத் திருடிவிட்டேன்.

நாளைக் காலையில் பீரோவை எடுக்க உங்கள் தம்பி மறுபடி வருகிறார். போனைக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன் அப்பாவிடம் நானே சொல்லிவிட வேண்டும். ஆல்பங்கள் போனால் போகட்டும். மூடுபனி எனக்கு மனப்பாடம். டிரம்ஸ் எங்கே விழும் என்று தெரியும். ரீங்காரத்துக்குச் சுவரில் காதை வைத்தால் போதும்.

இயர்போன் அறுந்துவிட்டதால் அந்தப் பதிவை ஸ்பீக்கரில், மிகவும் மெதுவாக, ஒரே ஒரு முறை ஓடவிட்டிருக்கிறேன். இதோ நீங்கள் முனகுகிற இடம். இதோ, "கேக்குதாட்டி?"

கேட்கிறது அக்கா.

கதவு தட்டுகிறார்கள். "கண்ணு, உள்ள யாரு பேசறது?" அப்பாதான். உங்கள் குரல் அவருக்கும் கேட்டுவிட்டது. போனை ஒளிக்கவில்லை, கையிலேயே வைத்திருக்கிறேன். எழுந்து போய்க் கதவைத் திறக்கப்போகிறேன்.