மடித்துவைத்த எச்சரிக்கை

உன் இ-ரீடர் என் மேசைமேல் கிடக்கிறது. நீ பூசும் கைக்களிம்பின் வாசம் அதன் துணி உறையை விட்டு இன்னும் போகவில்லை. மாதா கோயிலில் உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு உன் வீட்டுக்காரர் இதைக் கொண்டுவந்து நீட்டினார். "அவ இருந்தா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லியிருப்பா தங்கச்சி. இத்த வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார். நீ ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால், முதலில் இதற்குள் இருப்பதை அழித்திருப்பாய்.

நம் இருவருக்கும் ஒரே வயது. ஒரே வாரத்தில் ஒரகடம் கம்பெனியின் ஆவணப் பிரிவில் சேர்ந்தோம். நீ மணிமங்கலத்திலிருந்து பஸ் மாறி வருவாய். நான் தூத்துக்குடியிலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்திருந்தேன். தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்களுக்கான கையேடுகளை எழுதுவது நம் வேலை. நானூறு பக்கம் தடிமனான அந்தக் கையேடுகள் சூப்பர்வைசர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தன. லைனில் நிற்பவர்கள் யாரும் அவற்றைத் தொட்டதில்லை. ஒருநாள் நம் மேனேஜர் வந்து, மெஷினுக்கு மெஷின் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டப்போகிறோம், போனைக் காட்டினால் கையேடு திறக்க வேண்டும், நீங்கள் இருவரும் அதற்கேற்ப மாற்றிக் கொடுங்கள் என்றார்.

அந்த எட்டு மாதங்களைப்போல நான் மகிழ்ச்சியாக வேலை செய்த காலம் வேறு இல்லை. முதல் வாரம், அச்சுப் பக்கங்களை அப்படியே போனில் ஏற்றிப் பார்த்தோம். ஆறு கட்டம் கொண்ட அட்டவணை திரையைத் தாண்டி எங்கோ ஓடியது. 'மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்த இடத்தில், மேலே படமே இல்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "மேல பார்த்தா ஃபேன்தாண்டி கீது" என்றாய். மறுநாள் உணவு இடைவேளையில் என்னை லைனுக்கு இழுத்துக்கொண்டு போனாய். பிரஸ் லைனில் வேலை பார்த்த பாண்டியம்மாளிடம் போனைக் கொடுத்து, படிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றோம். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நாலாவது திரையில் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இம்புட்டையும் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிரும்க்கா."

"ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரு வேலை. அவ்ளோதான்" என்று நீ அன்றைக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு நாம் எழுதியது எல்லாமே அந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான். நீளமான வாக்கியங்களை நான் உடைப்பேன். எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்று நீ சொல்வாய். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கேன்டீனில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம்.

பெரிய சண்டை ஒன்றே ஒன்றுதான். பிரஸ்ஸில் தகடு சிக்கிக்கொண்டால் எடுப்பது எப்படி என்ற பாடம். அச்சுக் கையேட்டில் அதற்கு முன்னால் சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கும்: 'மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மெஷினுக்குள் அழுத்தம் இருக்கும். மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை கையை உள்ளே விடாதீர்கள்.' ஸ்டிக்கரைக் காட்டினால் திறக்கும் புதிய ஆப்பிலோ எச்சரிக்கைகளை ஒரு மஞ்சள் பட்டைக்குள் மடித்துவைக்கும் வசதி இருந்தது. தொட்டால் விரியும், தொடாவிட்டால் 'எச்சரிக்கை' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். திரைகள் குறையும் என்று மேனேஜருக்கு அது பிடித்துப்போயிற்று.

"ஏட்டி, அவசரத்துல நிக்கிறவ அதைத் தொட்டுத் திறப்பாளா?" என்று நான் கேட்டேன்.

"தொறக்க மாட்டா. இது தனி ஸ்க்ரீனாவே இருக்கட்டும். சார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாய்.

நான் நம்பினேன். பேசிவிட்டாயா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆப் வெளியான மூன்றாவது மாதம், பாண்டியம்மாளின் மெஷினில் தகடு சிக்கியது. அவள் போனை எடுத்து ஸ்டிக்கரைக் காட்டியிருக்கிறாள். சொன்னபடியே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறாள். அடுத்த திரை தகட்டை எடுக்கச் சொன்னது. எடுக்கக் கையை விட்டாள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான் அந்தப் பாடத்தைத் திறந்து பார்த்தேன். எச்சரிக்கை மடிந்திருந்தது. மஞ்சள் பட்டை. ஒரு சொல். பக்கத்தின் அடியில் என் பெயர். நம் இருவருக்கும் ஒரே லாகின்தான், அதுவும் என் பெயரில் இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். நான் உன்னிடம் ஓடிவந்தேன்.

"நீ இதுல ஏதாவது மாத்துனியா?"

"நான் அந்தப் பக்கமே தொடலடி" என்றாய். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய்.

அப்படியானால் நான்தான். கடைசி நாள் நெருக்கடியில் எண்பது பக்கங்களை ஆப்பில் ஏற்றினேனே, அப்போது தெரியாமல் மடிக்கும் பெட்டியில் டிக் போட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணையில் உன்னைக் கேட்டபோது, "அந்தப் பாடம் அவங்க பார்த்தது சார்" என்றாய். அவங்க. அத்தனை நாளில் நீ என்னை அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான். அலுவலகம் என்பதால் மரியாதையாகப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். என்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்த கையோடு நீ என் அறைக்கு வந்தாய். தூக்குவாளியில் மீன்குழம்பு. நான் சாப்பிட மாட்டேன் என்று அழுதேன். சோற்றைப் பிசைந்து நீயே எனக்கு ஊட்டினாய். "வுடுடி. மனுசனுக்குத் தப்பு நடக்கிறதுதான். நீ இன்னா வேணும்னா செஞ்ச?" என்றாய்.

விசாரணையில் நீ பயந்திருக்கலாம். உனக்குச் சின்னப் பெண் இருந்தாள். உன் வீட்டுக்காரருக்கும் அப்போது நிலையான வேலை இல்லை. அதையெல்லாம் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தச் சோற்றை மட்டும் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. நீ செய்த காரியத்துக்காக, நீயே வந்து என்னை மன்னித்துவிட்டுப் போனாய்.

இரண்டு வருடங்கள் நான் குற்றவாளியாகவே வாழ்ந்தேன். பாண்டியம்மாளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். வேறு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகும், எழுதிய பக்கத்தைப் பத்துமுறை திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மூன்று முறை உன்னைப் பார்க்க வந்தேன். மூன்று முறையும் "புது வேலை எப்படிடி கீது?" என்றுதான் கேட்டாய். நன்றாக இருக்கிறது என்றதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். வலி என்று நினைத்தேன்.

நீ போய் ஐந்து வாரங்கள் கழித்து இந்த இ-ரீடரைத் திறந்தேன். போனுக்கு எழுதியது இதில் எப்படித் தெரிகிறது என்று சோதிக்க, நம் கையேட்டை நீ இதில் ஏற்றிவைத்திருந்தாய். இரண்டு பிரதிகள். ஒன்றில் எச்சரிக்கை தனித் திரையாக இருந்தது. மற்றொன்றில் அந்தத் திரை இல்லை. அந்த இடத்தில் நீ ஒரு குறிப்பைத் தட்டியிருந்தாய், ஆங்கில எழுத்தில் நம் பேச்சுத் தமிழை. 'வார்னிங்க மடிச்சிட்டேன். சார் சொன்னாரு. அவகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்.' ஆப் வெளியாவதற்கு முந்தின நாள் தேதி.

அப்பறம் என்றால் எப்போதடி?

மறுநாளே வல்லம் வடகாலுக்குப் போனேன். பாண்டியம்மாள் அங்கே ஒரு வரிசை வீட்டில் இருக்கிறாள். கம்பெனியில் இப்போது ஸ்டோர்ஸில் வேலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சிறைக்க விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவள் வியப்படையவில்லை.

"அது எனக்குத் தெரியும்க்கா. போன வருசமே அந்தக்கா வந்து, நாந்தேன் செஞ்சேன்னு காலைப் புடிச்சு அழுதாக. உங்ககிட்டயும் சொல்லிட்டேன்னாகளே?"

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சொல்ல உன்னால் முடிந்திருக்கிறது. விரலை இழந்தவள் முன்னால் நிற்கும் தைரியம் உனக்கு இருந்திருக்கிறது. என் முன்னால் நிற்கத்தான் இல்லை.

"அப்ப நீங்க இம்புட்டு நாளும் தெரியாமலா இருந்தீக?" என்று கேட்டபடி பாண்டியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "யாரு மேல கோவப்படுறதுன்னு எனக்குத் தெரியலக்கா. ஆனா அந்த விசாரணைப் பேப்பர்ல, நானும் அவசரப்பட்டுக் கைய விட்டேன்னு எழுதியிருக்காக. நான் அவசரப்படல. போன் சொன்னதத்தேன் செஞ்சேன். அத மட்டும் மாத்தச் சொல்ல முடியுமா?"

அவளுக்காகத்தான் கம்பெனிக்கு எழுத முடிவு செய்தேன். எனக்காகவும்தான், அதை மறைக்க விரும்பவில்லை. முதலில் உன் வீட்டுக்காரரிடம் போய்க் குறிப்பைக் காட்டினேன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். "செத்துட்டவள இப்ப எதுக்குத் தங்கச்சி..." என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார். இ-ரீடரை என் கையிலேயே திருப்பித் தந்து, "எழுதுங்க. பாப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். உன் மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமலே கிளம்பினேன்.

இரண்டு பிரதிகளையும் குறிப்பையும் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் அறிக்கையைத் திருத்தினார்கள். பாண்டியம்மாள் அவசரப்பட்டாள் என்ற வரி போய்விட்டது. அவள் அதை என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். என் பெயரும் போய்விட்டது. அது இருந்த இடத்தில் உன் பெயர். மேனேஜர், தனக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். 'மறைந்த ஊழியர் தன் விருப்பப்படி செய்த மாற்றம்' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அதைப் படித்தபோது நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். கோபம்தான் வந்தது. இந்தமுறை அது உன்மேல் வரவில்லை. உன் விருப்பம் என்னவென்று எனக்குத் தெரியாதா? தனி ஸ்க்ரீனாக இருக்கட்டும் என்று என் எதிரே சொன்னவள் நீ. 'சார் சொன்னாரு' என்ற இரண்டு சொற்களைச் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நேரில் வந்து பேசிக்கொள்ளுங்கள் என்று போனில் யாரோ சொன்னார்கள்.

உன்னோடு ஒரு சண்டை போட எனக்கு உரிமை இருந்தது. அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டாய். உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எப்போதாவது மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. ஒரகடம் கம்பெனிக்குப் போகத் திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். பாண்டியம்மாளும் வருகிறேன் என்றிருக்கிறாள்.