மகேஸின் நித்திரை

ஒக்டோபர் 14, செவ்வாய்
மழை இருட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. விதைநெல் ஊறப் போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகேஸ் விறாந்தையில் பாய் போட்டுச் சரிந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக நான் பக்கத்தில் படுத்துக் கேட்கும் அதே குறட்டை. பிறகு சத்தமே இல்லை. நெஞ்சு எழும்பவில்லை. தோளை உலுக்கப் போக, திடுக்கென்று மூச்சை இழுத்தாள். அருகில் இருந்து பார்த்தேன். திரும்பத் திரும்ப அதேதான்.

ஒக்டோபர் 16, வியாழன்
கிளிநொச்சி, கிளினிக். பஸ்ஸில் இடமில்லை, நின்றே போனோம். இவ்வளவு குளிசை போட்டும் அவளுக்குப் பிறஷர் இறங்கவில்லை. பின்னால் வரிசையில் ஊர்ச் சனம்.
"அம்மா, குறட்டை விடுறனீங்களோ?" டொக்டர்.
"இல்லை."
எனக்குப் பொறுக்கவில்லை. "விடுறவ, டொக்டர். இடையில மூச்சும் நிண்டுபோகுது."
அவர் பேனையைக் கீழே வைத்தார். அப்படி மூச்சு நிற்கும்போதெல்லாம் பிறஷர் ஏறுமாம். இந்த வயதில் பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடுமாம். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கி, உடம்பில் வயர் பூட்டி நித்திரையைச் சோதிக்க வேண்டும்.
வீட்டுப் படலையைத் திறக்கும்போது சொன்னாள். "ஊர் ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டியள்."

ஒக்டோபர் 19, ஞாயிறு
அடைமழை. வயலுக்குப் போகவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறாள், பரிமாற வரவில்லை. கெஞ்சினேன். "ஒரு இரவுதானே, மகேஸ். நானும் வாறன்."
"தெரியாத ஆக்கள் நான் குறட்டை விடுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? தங்கச்சியின்ர கலியாண வீட்டில ஆக்களுக்குக் கேக்குமெண்டு விடியவிடிய முழிச்சிருந்தனான். தெரியுமே உங்களுக்கு?"
தெரியாது. குசினியில் வேலை என்றல்லவா நினைத்தேன்.
வவுனியாவில் இருக்கும் மகளுக்குப் போன். "அம்மாவை வெருட்டாதேங்கோ அப்பா. ஆறுதலாச் சொல்லுங்கோ." ஆறுதலாகச் சொல்ல நேரம் இருக்கிறதா? யாரிடம் கேட்பது?

ஒக்டோபர் 22, புதன்
காலையில் தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பை விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், வலது கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "என்ன மகேஸ், என்ன செய்யுது?" பதிலுக்கு ஒரு முனகல் மட்டும்.
பக்கத்து வீட்டு ரவியின் ஓட்டோ. அவள் தலை என் மடியில். றோட்டெல்லாம் வெள்ளம். "கெதியாப் போ தம்பி, கெதியாப் போ."
கிளிநொச்சி ஆஸ்பத்திரி. பாரிசவாதம்தான் என்றார் டொக்டர். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லையாம். பேச்சு வருமா என்று கேட்டேன். "பொறுத்துப் பாப்பம் ஐயா."

ஒக்டோபர் 24, வெள்ளி
பெண்கள் வாட்டு. ஆண்கள் தங்க விடமாட்டார்கள். பாதையில் வெள்ளம், மகள் நாளைக்குத்தான் வருவாள். தாதியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "மிஸ், மூச்சு நிண்டா ஒருக்காத் தட்டி எழுப்பிவிடுங்கோ."
"பாக்கிறம் ஐயா. ஆனா வாட்டு நிறைய ஆக்கள்."
பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா, சீனி வருத்தத்துக்கு வந்தவர். "நீங்கள் போங்கோ அண்ணை. எனக்கு நித்திரை வாறேல்ல. நிண்டா நான் தட்டுறன்."
மகேஸுக்கு விளங்கிவிட்டது. இடது கையால் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.
"நித்திரை கொள்ளும், மகேஸ்."
இல்லை என்று தலையாட்டினாள்.
பார்க்க வந்தவர்கள் வெளியேற மணி அடித்துவிட்டார்கள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். முகட்டைப் பார்த்தபடி, கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தாள்.