ரீடர் வாசித்துக்கொண்டிருக்கிறார்

யூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று. அடுப்பை முகத்துக்கு நேரே திருப்பி ஊதுகிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கு மயக்கம். ஒருத்திக்கு உண்மையாக, மற்றவளுக்குக் கணிதப் பாடம் முடியும் வரைக்கும். (மற்றவள் நான் இல்லை. இந்தமுறை.)

வீட்டில் புது வேடிக்கை. எங்கள் கரையின் சின்ன வள்ளங்களுக்கு ஐஸ் பெட்டி கொடுக்கப் போகிறார்களாம். மீன்பிடித் திணைக்களக் கந்தோரிலிருந்து மீனவர் சங்கத்துக்கு நீளமான அறிக்கை ஒன்று ஈமெயிலில் வந்திருக்கிறது. பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து அனுப்பியது. சங்கத்தின் செயலாளர் அப்பா. விடிய முதல் கடல், பின்னேரம் சங்கம், ஞாயிறு பூசையில் வேதாகமத்தின் முதலாம் வாசகம் வாசிப்பது. அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே ஈமெயில் என்றால் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர்தான்.

எங்கள் கம்பியூட்டர்: துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரை மூடியபோது மாமா தூக்கிக்கொண்டு வந்தது. அம்மா அதற்கு லேஸ் வைத்த உறை தைத்துப் போட்டிருக்கிறார். தமிழில் இதைக் கணினி என்று சரியாகத்தான் சொல்கிறார்கள். கண் இனி மூடும். சுவிச்சைப் போட்டுவிட்டு ஒரு நித்திரை கொள்ளலாம்.

அறிக்கையைத் திறந்ததும் ரீடர் என்ற மென்பொருள் வந்தது. நடுவில் ஒரு வட்டம். சுற்றுது, சுற்றுது.

"பிள்ளை, இது ஏன் இப்பிடிச் சுத்துது? நான் எதையும் பிழையாத் தொட்டிட்டனோ?"

"இல்லையப்பா. பேரைப் பாருங்கோவன். ரீடர். ரீடர் எண்டா ஆர்?"

"வாசிக்கிறவர்."

"அதுதான். முதல் தான் ஒருக்கா வாசிச்சு விளங்கிப்போட்டுத்தான் எங்களுக்குக் காட்டுவார்."

சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். தலையாட்டினார்.

"அதுதானே முறை. வாசிக்கிறவர் முதல்ல தனக்கெண்டு வாசிக்க வேணும்."

அப்பா அப்படித்தான். ஒவ்வொரு சனி பின்னேரமும் முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டு, அடுத்த நாள் வாசகத்தைத் தனக்குள் வாசிப்பார். அந்த நேரம் குசினியில் சட்டி மூடிகூட விழக்கூடாது. அதை வைத்துத்தான் நான் பகிடி கட்டினேன். கட்டியதோடு நின்றிருக்கலாம். எனக்கு வால் முளைத்தால் நிற்காது.

"இடையில எதையும் தட்டிப்போடாதேங்கோ. குழம்பிடுவார். பிறகு முதல் பக்கத்தில இருந்துதான் தொடங்குவார்."

"ஓம் ஓம். பாவம்" என்றார் அப்பா.

பாவமாம்! மென்பொருளுக்கு! தலையணையைக் கடித்துச் சிரித்தேன்.

யூலை 3, வியாழன்

என் வகுப்பு ஷர்மிக்குக் கடன் கொடுத்த கொம்பாஸ் பெட்டி ஊசி இல்லாமல் திரும்பி வந்தது.

பின்னேரம் நாடகம் இரண்டாம் காட்சி. அப்பா கம்பியூட்டருக்கு முன்னால். முதுகு நேர், இரண்டு கையும் முழங்காலில். மவுஸைத் தொடவில்லை. அம்மா ரேடியோவைத் திருகப் போனார்.

"சத்தம் போடாதேங்கோ. வாசிக்கிறார்."

அம்மா ரேடியோவை அணைத்தார். அவருக்கும் ஒன்றும் விளங்காது. நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே வட்டம் கன நேரம் சுற்றியது. நாலாம் பக்கம் வந்தபோது அப்பா "நன்றி" சொன்னாரோ என்றுகூடச் சந்தேகம்.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். இந்த ரீடர் புதுசு, பெரிசு. கம்பியூட்டர் பழசு, சிறிசு. சுவிச்சைப் போட்ட உடனே கூப்பிடாமலே வந்து பின்னால் குந்திவிடும். புதுப்பிக்க ஏதும் உண்டா என்று தானே தேடும். தன்னோடு இன்னும் இரண்டு சாமானைக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்தது என்ன, நான்தான் லீவில் கேம் இறக்கியபோது வாசிக்காமல் "சரி, சரி, சரி" என்று தட்டி வரவைத்தேன். வாசிக்காமல் தட்டியவள் நான். தட்டாமல் காத்திருப்பவர் அப்பா.

சரிக்கட்டுவது எப்படி என்று த.தொ.தொ. பாடத்தில் ரீச்சர் காட்டியும் தந்தவர். (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம். எங்கள் வகுப்பில்: தட்டித் தொட்டுத் தொலை.) பெரிசைக் கழற்றிவிட்டுச் சின்ன ரீடர் ஒன்றைப் போட வேண்டும். தேத்தண்ணி ஆறமுதல் முடிகிற வேலை.

சனிக்கிழமை செய்வேன். பகிடி இன்னும் சூடாக இருக்கிறது.

யூலை 5, சனி

செய்யவில்லை. காலையில் ரியூசன். வரும் வழியில், ரோட்டில் திரியும் மான்களில் ஒன்று ஷர்மியின் பையிலிருந்து வாழைப்பழத்தை இழுத்துத் தின்றது. அவள் கத்தியதைப் பார்த்து மான் பயப்படவில்லை, நான் பயந்தேன். பின்னேரம் கடற்குளிப்பு.

ஷர்மிக்கும் மற்றவளவைக்கும் அப்பாவைப் போல் செய்து காட்டினேன். முதுகு நேர், கை முழங்காலில், "சத்தம் போடாதேங்கோ, வாசிக்கிறார்." ஷர்மி மணலில் உருண்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாளவை. மூன்றாம் முறை குரலும் சரியாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா முதலாம் பக்கத்தில்.

"நேற்று பதினோராம் பக்கம் வரைக்கும் வந்ததெல்லோ?"

"கரண்ட் போயிட்டுது, பிள்ளை. அவருக்கு எல்லாம் மறந்துபோச்சு. பரவாயில்லை, திரும்பவும் வாசிக்கட்டும்."

சிரிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமையை விடக் கொஞ்சம் குறைவாக.

யூலை 9, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் நித்திரை வராது.

பின்னேரம் சங்கக் கூட்டம். லெமன் பஃப் பிஸ்கட் டின்னும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டுபோகச் சொல்லி அம்மா என்னை அனுப்பினார். யன்னலடியில் நின்றேன். உள்ளே ரொஷான் அண்ணா கேட்பது கேட்டது. அவருடையதுதான் எங்கள் கரையில் ஆகச் சின்ன வள்ளம். இந்த வெயிலுக்கு அவருடைய மீன் கரைக்கு வரமுதலே கண் வெளுத்துவிடும்.

"மாமா, பெட்டிக்குப் பேர் குடுக்கிற கடைசித் திகதி எப்ப?"

அப்பா எழும்பி நின்றார். பூசைக் குரல்.

"திகதி கடைசிப் பக்கத்தில இருக்கும். ரீடர் இன்னும் அங்கை போகேல்லை."

"எந்த ரீடர்?"

"கம்பியூட்டரில இருக்கிறவர். அவர் வாசிச்சு முடிச்சாத்தான் எங்களுக்குக் காட்டுவார். இடையில தட்டினா முதல்ல இருந்து தொடங்குவார். அவரை அவசரப்படுத்த ஏலாது."

யாரோ மூக்கால் சிரித்தார். பிறகு எல்லாரும். கதிரைகள் ஆடின. "செயலிக்கும் செயல் இல்லை, செயலாளருக்கும் செயல் இல்லை!" என்று ஒரு குரல். என்னுடைய தரத்துப் பகிடி. அப்பாவும் சேர்ந்து சிரித்தார், என்னவென்று தெரியாமல்.

ரொஷான் அண்ணாவின் போனில் அதே அறிக்கை இருந்தது. மூதூர்ப் பக்கத்துச் சங்கக்காரர் இன்றுதான் அனுப்பினார்களாம். விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். கடைசிப் பக்கம்.

"ஏழாம் திகதி. முந்தநாளோட முடிஞ்சுது."

சிரிப்பு நின்றது. சிரித்தபோது இருந்ததை விட இது மோசம்.

தலைவர் சூசை மாமா மெதுவாகத்தான் கேட்டார். "செயலாளர், இந்தக் கதையை உமக்கு ஆர் சொன்னது?"

அப்பா யன்னலைப் பார்த்தார். நான் பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் அது விளங்கிய நேரம் எனக்குத் தெரிந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானா அப்பிடி விளங்கிக்கொண்டன்."

"கம்பியூட்டர் படிக்கிற பிள்ளை வீட்டில இருக்கு. அவளிட்ட ஒருக்காக் கேட்டிருக்கக்கூடாதோ?"

"அவளுக்குச் சா.த. சோதினை வருது. படிப்பைக் குழப்பக்கூடாதெண்டு விட்டிட்டன்."

பிறகு நான் உள்ளே போய் ஒவ்வொருவருக்கும் பிஸ்கட் நீட்டினேன். "நல்ல பிள்ளை" என்றார் சூசை மாமா. ரொஷான் அண்ணா எடுக்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யூலை 10, வியாழன்

நான் வைத்த பட்டப்பெயர்கள், நினைவில் உள்ளவை: கணித ரீச்சர் – பெருக்குமாறு. ஷர்மியின் அண்ணன் – அரைவாசி. சூசை மாமா – ஆமென். நான் வைத்தால் அது ஒட்டும். அதில் எனக்கு ஒரு பெருமை.

இன்று ஒழுங்கையில் பெடியள்: "ரீடர் மாமா! வாசிச்சு முடிஞ்சுதோ?"

அப்பா எப்போதும் போலக் கையை உயர்த்திவிட்டுப் போனார். அந்தப் பெடியளில் கடைசி ஆள் இடுப்பில் காற்சட்டை நிற்காத வயசு.

நல்ல பெயர். சின்னது, வாய்க்கு லேசு, ஆளுக்குப் பொருத்தம். நானே வைத்திருப்பேன்.

இடைவேளையில் ஷர்மி: "உன்ர அப்பாவைப் போல ஒருக்காச் செய்து காட்டடி." தலையிடி என்றேன். உண்மையிலேயே வந்துவிட்டது.

யூலை 11, வெள்ளி

பள்ளிக்கூடம் போகவில்லை. ஓர்ஸ் ஹில்லில் உள்ள மீன்பிடிக் கந்தோருக்கு அப்பாவோடு. கேட்டுப் பார்க்கலாம் என்று சூசை மாமா சொன்னாராம். நானும் வருகிறேன் என்றேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பூசைக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டிருந்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையானவர். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, திகதி போட்டுத்தானே அனுப்பினது?"

"ஓம். போட்டிருக்கு. நான் பார்க்கேல்லை."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் வந்து இருந்தது. வலை இழுக்கிற கை, பாரம். வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கை வந்ததில் எனக்கு ஆறுதலும் இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"பேர் எல்லாம் மேலிடத்துக்குப் போயிட்டுது. ஆரும் வேண்டாமெண்டு விட்டா அறிவிக்கிறம். இல்லாட்டி இந்தமுறை கஷ்டம்."

இறங்கும்போது கீழே உள்துறைமுகம், பெரிய கப்பல் ஒன்று அசையாமல். பாதி இறக்கத்தில் சொன்னேன்.

"அப்பா, நான் சும்மா பகிடிக்கு…"

"வெயிலாக் கிடக்கு. நட."

அவ்வளவுதான். வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் சோறு போடும்போது: "நீ சொன்னா அவருக்கு வேதம். தெரியுமெல்லோ?" தெரிந்துதானே செய்தேன்.

யூலை 12, சனி

காலையிலேயே கம்பியூட்டரின் உறையைக் கழற்றினேன். தூசி. பெரிய ரீடரைக் கழற்றினேன், அது கூட்டிக்கொண்டு வந்த இரண்டையும் கழற்றினேன். சின்னது ஒன்றை இறக்கினேன். இந்தமுறை ஒவ்வொரு வரியும் வாசித்துத் தட்டினேன். நிறுத்தித் திரும்பப் போட்டேன். அறிக்கையைத் தட்டியதும் முதலாம் பக்கம் உடனே வந்தது. ஒரு தள்ளு. கடைசிப் பக்கம். ஏழாம் திகதி, தடித்த எழுத்தில்.

திரும்பினால் அப்பா பின்னால், தோளில் துவாயோடு.

"கெதியா வந்துட்டுது."

"ஓம்."

"எவ்வளவு நேரம் எடுத்தது இதைச் செய்ய?"

"கன நேரம் இல்லை."

"முந்தியும் இப்பிடிச் செய்திருக்கலாமோ?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நாளும் யோசிக்கத் தேவைப்பட்டதில்லை. இன்று அந்த வட்டம் என் தலைக்குள் சுற்றியது.

"ஓம், அப்பா."

"சரி" என்றார். துவாயை உதறி மற்றத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

பின்னேரம் முருங்கைக்குக் கீழே கதிரை இருந்தது. வாசகப் புத்தகம் கதிரையில் இருந்தது. அப்பா இல்லை. ரொஷான் அண்ணாவின் வள்ளத்துக்கு ஒட்டுப்போடப் போய்விட்டாராம். குசினியில் ஒரு மூடி விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

யூலை 13, ஞாயிறு

காற்றுக் கொஞ்சம் குறைவு. கோயிலில் இரண்டு விசிறி வேலை, ஒன்று இல்லை.

முன்வரிசையில் நாங்கள். வாசகத்துக்கு நேரம் வந்தது. அப்பா எழும்பவில்லை. சனம் இருமிற்று. பின்னுக்கு ஒரு பெடியன் "ரீடர் மாமா" என்று குசுகுசுக்க, இன்னொருவன் அடக்கிச் சிரித்தான். சுவாமியார் இந்தப் பக்கம் பார்த்தார்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "போ."

"நான் பார்த்து வைக்கேல்லையப்பா."

"தெரியும். போ."

எழும்பி வாசக மேடைக்குப் போனேன். புத்தகம் திறந்தே இருந்தது. முதல் வரி பரவாயில்லை. இரண்டாம் வரியில் நீளமாக ஒரு சொல். பாதியில் பிடித்துக்கொண்டது. திரும்ப எடுத்தேன், அதே இடம். எழுத்தெல்லாம் சுற்றியது. அவ்வளவு சனமும் என் வாயையே பார்த்துக்கொண்டு.

அப்பாவைப் பார்த்தேன். முதுகு நேர், இரண்டு கையும் முழங்காலில். அம்மா கீழே இருந்தபடி அந்தச் சொல்லைச் சொல்லித்தர வாயெடுத்தார். அப்பா அவர் கையைத் தொட்டார். எனக்குக் கேட்கவில்லை, உதட்டில் தெரிந்தது.

"வாசிக்கிறாள்."

முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினேன்.