நம் வாசலில் தெரிந்த கட்டங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, சுமித்ரா வணக்கத்துடன் எழுதுகிறேன். பெங்களூரில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பயப்படும்படி ஒன்றுமில்லை, சும்மா ஒரு செய்தி. படங்களில் வேண்டாததை மறைப்பதுதான் என் வேலை. கம்ப்யூட்டரில் கறுப்புத் தூரிகையால் தடவினால் அந்த இடம் மறைந்து, வெள்ளையும் சாம்பலுமாகச் சதுரக் கட்டங்கள் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். வெள்ளையால் தடவினால் மறைந்தது திரும்ப வந்துவிடும்.

நேற்று ஒரு விடுதி விளம்பரத்துக்காக, மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த மலைப் படம் ஒன்று வந்தது. "வீடெல்லாம் வேண்டாம், மரம் மட்டும் இருக்கட்டும்" என்றார் மேலாளர். மூன்று கூரைகளை மறைத்தேன். நான்காவது கூரையில் நம் நீலத் தார்ப்பாய் கிடந்தது. வாசலில் மிளகு காயப்போட்டுவிட்டு, கண்ணுக்கு மேல் கைவைத்து நீங்கள் அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

போன மாதம் போனில் சொன்னீர்களே, "ரோடு போடறதுக்குப் படம் எடுக்க வந்தாங்க கண்ணு, டீ போட்டுக் குடுத்தேன்" என்று. இந்தப் படத்தை எடுத்தது அவர்கள்தான்.

உங்களை மூன்று முறை மறைத்தேன், மூன்று முறை திரும்பக் கொண்டுவந்தேன். கடைசியில் அனுப்பிய படத்தில் நீங்கள் இல்லை. மன்னியுங்கள். இன்று காலை விளம்பரம் தயாராகி வந்தது. நம் வாசலில் நீச்சல் குளம் இருக்கிறது.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மிளகு கொடுத்தனுப்புங்கள். பட்டா பெட்டியில்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நான்கு நாளாக உங்கள் போன் கிடைக்கவில்லை. சிக்னல் இருக்காது, அவ்வளவுதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் டீ குடித்துவிட்டுப் போகும்போது எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, அப்பா? இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
சுமித்ரா