மோசமான வெள்ளத்துக்கு நீ போட்ட ஏலம்

மக்கா,

இன்று காலை கடற்கரையில் உன் மகள் ஒரு பாட்டிலைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். உன் வீட்டுக் கிணற்று வாடை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் இந்தச் சேதியை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆய்வுக்காரர்கள் முதல்முறை வந்தது நினைவிருக்கிறதா? நம் தெருப் பிள்ளைகளுக்கு ஏன் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று பார்க்க, வீட்டுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிப் போனார்கள். தண்ணீரில் குறையில்லை என்று எழுதிவிட்டார்கள். அதைக்கூட நம்மிடம் வந்து சொல்லவில்லை; நானாகத் தேடிப் படித்தேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிற உள்ளூர்க்காரன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வன்மம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் சீறியபோது நீ சிரித்தாய். பெண்கள் எல்லோரும் கோயில் கிணற்று நல்ல தண்ணீரைக் கோரி நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். உன் மனைவியும்தான். "வீடு தேடி வந்தவங்களுக்குக் கலங்கின வெள்ளமா குடுக்கது?" என்று என்னையே கேட்டாள்.

என் கோபக் கடிதங்களுக்குப் பிறகு அவர்கள் மறுபடி வந்தார்கள். ஊருக்குள் விடக்கூடாது என்றேன்.

"ஏலே, சண்டைய பொறவு போடு. முதல்ல எம் பேத்திக்கு வயிறு சொகமாவட்டும்" என்றாய்.

மறுநாள் சாளை மீனை ஏலம் விட்டு முடித்த கையோடு, அதே மீன்பெட்டி மேல் நின்று, அதே ராகத்தில் ஆரம்பித்தாய்: "யாரு வீட்டுக் கிணத்துல மோசமான வெள்ளம்? இதைவிட மோசம் உண்டா?" முதலில் சிரிப்புத்தான். பிறகு ஒருத்தி தன் கிணற்றில் ஆடைபோல மஞ்சளாகப் படிகிறது என்றாள். அதெல்லாம் ஒரு மோசமா, எங்கள் வீட்டுத் தண்ணீரை ஆடுகூடத் தொடாது என்றாள் இன்னொருத்தி. மதியத்துக்குள் தெருவே பாட்டிலோடு என் வாசலில் சண்டை போட்டது.

முடிவு வர ஒரு வருடம் இழுத்தது; அதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

இம்முறை முடிவை அவர்கள் கரைக்கே கொண்டுவந்தார்கள். உன் பெட்டி மேல் ஏறி நான்தான் வாசித்தேன். கக்கூஸ் குழிக் கழிவு கிணறுகளில் இறங்குகிறது. உன் கிணறுதான் எல்லாவற்றிலும் மோசம். உன் மகள் தலைகுனியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டிலில் பிடித்துவந்து, எல்லோரையும் மோந்து பார்க்கச் சொன்னாள். யார் வீட்டுக் குழியை முதலில் மாற்றுவது என்று அங்கேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

வாசிக்கும்போது என் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. உன் மனைவி சொன்னாள்: "சாரே, சத்தம் போராது. அவிய ஏலம் விடுத மாதிரி நீட்டிச் சொல்லுங்க."

நீட்டினேன், மக்கா. வன்மம் இருக்கிற தொண்டையில் இப்போது உன் ராகமும் இருக்கிறது.