உங்கள் திவசத்துக்கு நான் காய்ச்சிய பியர்

என் ஆசை அண்ணைக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. எல்லாரும் பேப்பரில் படத்தைப் போட்டு, 'ஆறாத் துயரில்' என்று எழுதுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கு அப்படி எழுத வராது. உங்களிடம் சொல்ல ஒரு சங்கதிதான் இருக்கிறது. எங்கள் தாய்மாமன் நடேசு மாமாவும் இந்தப் பேப்பர் வாசிக்கிறவர்தான். வாசிக்கட்டும்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு பியர் காய்ச்சினது நான்.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டும் என்று மாமா மூலைக்கடை தெப்பனேரில் ஒரு போத்தில் பியர் வாங்கி வந்து வைத்தார். நானும் சேர்ந்து கும்பிட்டேன். வில்லரேயில் இருக்கிற இந்த வீட்டு பேஸ்மென்டில் ஒன்பது வருடம் நீங்களே காய்ச்சிக் குடித்தவர். கடைப் பியரைக் காத்தடைச்ச தண்ணி என்று சொன்னவர். உங்களுக்கே அந்தத் தண்ணியைப் படைத்தோம். அந்த வெட்கம் வருடம் முழுக்க எனக்கு ஆறவில்லை.

ஆனால் எனக்கு அந்தத் தொழிலில் என்ன தெரியும்? சலரோகத்தில் உங்களுக்குக் கண் மங்கிய பிறகு, பியர் வாளியில் விடுகிற மிதவைக் குழாயில் எண் பார்த்துச் சொல்வது ஒன்றுதான் என் வேலை. ஈஸ்ட் போடுவது நீங்கள். முதல் தரம் நடந்தது நினைவிருக்கிறதா? ஊரில் பால் சங்கத்தில் இதே மாதிரிக் குழாயைப் பாலில் விடுவார்கள். தாழ்ந்தால் தண்ணீர் கலந்த பால். மாடு மழைப்புல் தின்றது என்று அம்மா சொல்ல, அந்த மனேச்சர், 'மாடு புல் திண்டதோ, கிணத்தைக் குடிச்சதோ' என்று கேட்டு... சரி, அது வேறு கதை. உங்கள் வாளியில் முதல் நாள் ஆயிரத்து நாற்பத்தெட்டில் நின்ற குழாய், ஒரு கிழமையில் ஆயிரத்துப் பதினைந்துக்குத் தாழ்ந்து போனது. நான் குழறிவிட்டேன்.

"அண்ணை, ஆரோ தண்ணி ஊத்திப்போட்டினம்!"

"எடி விசரி, இது பாலே? ஈஸ்ட் சீனியைத் திண்டு முடிக்க முடிக்கக் குழாய் தாழும். தாழ்ந்தால்தான் பியர்."

அண்ணி சிரித்த சிரிப்பு மேல்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இந்த மாசியில் நான் வாளியைக் கழுவி, மோல்ட் பாகைக் கொதிக்க வைத்து இறக்கியபோது மாமா வந்து படியில் நின்றார். சண்டை ஓய்ந்து பாதை திறந்து ஊருக்குப் போய் வந்த நாளிலிருந்து, ஊர் மானம் முழுவதும் அவர் தலையில்தான் இருக்கிறது.

"பிள்ளை, பொம்பிளை காய்ச்சிற வேலையோ இது? சனம் என்ன கதைக்கும்?"

"குடிக்க வாற ஆம்பிளையளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே, மாமா."

"வாய் நீளுது உனக்கு. நான் ஒரு போத்தில் வாங்கியாறன். அது காணும்."

"வாங்கி நீங்களே குடியுங்கோ."

இப்படி எல்லாம் வீரம் பேசிவிட்டு நான் செய்த பிழையைக் கேளுங்கள். நீங்கள் ஒரு வாளிக்கு இரண்டு பைக்கற் ஈஸ்ட் போடுவீர்கள். எனக்கு அது அநியாயம் போலப் பட்டது. அப்பத்துக்கு ஒரு சிரட்டை கள்ளு விட்டால் பானை நிறைய மா பொங்காதா? அதே நினைப்பில் அரைப் பைக்கற் தூவினேன். இரண்டு நாள் ஒரு நுரையும் இல்லை. பிறகு மனமில்லாமல் கொஞ்சம் நுரைத்தது. எட்டாம் நாள் குழாய் ஆயிரத்து முப்பதில் நின்றது. ஒன்பதாம் நாள் முப்பது. பத்தாம் நாளும் முப்பது. திவசத்துக்கு நாலு கிழமைதான் இருந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். "உந்தச் சீனித் தண்ணியையோ என்ரை மருமோனுக்குப் படைக்கப்போறாய்? ஊத்தடி கீழை!"

நான் ஊற்றவில்லை. அன்றைக்கு ஊற்றியிருந்தால் பிறகு அந்த வாளிக்குக் கிட்டவும் என்னை விட்டிருக்க மாட்டார்கள். ஈஸ்ட் விற்கிற கடைக்குப் போனேன். 'போன்ஜூர்' என்றதோடு என் பிரெஞ்சு முடிந்துவிட்டது. குழாய் காட்டிய எண்ணைக் கடதாசியில் எழுதி, அரைப் பைக்கற் என்று கையால் காட்டினேன். கடைக்காரர் தலையில் கை வைத்துவிட்டு இரண்டு விரலை நீட்டினார். வீட்டுக்கு வந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சீனி கரைத்துப் புது ஈஸ்டை எழுப்பினேன். நுரை ஏறிச் சாடி வாயால் வழிந்த பிறகுதான் வாளியில் விட்டேன். வாளியைக் கம்பளியால் சுற்றி ஹீற்றருக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன்.

இருபத்தாறு. பதினெட்டு. பதின்மூன்று. பிறகு பதினொன்று. மூன்று நாள் அந்தப் பதினொன்றில் அசையாமல் நின்றது. அசைவு நின்ற பிறகு அடைத்தால்தான் போத்தில் வெடிக்காது என்று சொன்னது நீங்கள்தானே? அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு உது விளங்காது. நீ சொன்னால் சரி" என்றார். எனக்கு அது போதும். அன்றைக்கே போத்திலில் அடைத்தேன்.

திவசத்தன்று ஐயர் வந்து முடித்துப் போன பிறகு மச்சப் படையல். நண்டுக் கறி, ஆட்டிறைச்சி, புட்டு. மாமா தன் கடைப் போத்திலை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் என்னுடையதை மற்றப் பக்கம் வைத்தேன்.

"ரெண்டிலை ஒண்டுதான் இருக்கும், பிள்ளை. யோசிச்சுக்கொள்."

"என்ரை இருக்கும்."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். கடைப் போத்திலை எடுத்தார், முந்தானையால் துடைத்தார், மாமாவின் கையில் கொடுத்தார்.

"கோவிக்காதேங்கோ மாமா. அவர் இதைக் குடிக்கமாட்டார்."

மாமா சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை. நான் மறிக்கவும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, உங்கள் பியர் மாதிரி வரவில்லை. கொஞ்சம் புளித்தது. உங்களுக்கு அங்கே எப்படி இருந்தது? அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கிளாஸ் குடித்தார், மூக்கைப் பொத்தாமல் இன்னொன்று கேட்டார். சனம் கதைக்கிறது. சந்தையில் ஒருத்தி என்னைக் கண்டதும் மற்றவளின் காதைக் கடித்தாள். கதைத்து முடியட்டும் என்று நின்று தக்காளி தெரிந்தெடுத்தேன்.

மாமா வந்தாலும் வராவிட்டாலும், என் கை கால் ஓடுமட்டும், உங்கள் இலைக்குப் பக்கத்தில் நிற்பது இந்த வீட்டில் நான் காய்ச்சின போத்திலாகத்தான் இருக்கும். புளிப்பையும் வருகிற வருடம் இல்லாமல் செய்வேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சி,
பூமணி