நெருப்பு தெரியாத கால்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் சித்திரை மாதிரி காய்கிறது. மாவு புளித்துப் போயிருந்தது. தோசையாக ஊற்றிச் சமாளித்தேன். மகளுக்கு ஒரு டிபன் பாக்ஸ், அவருக்கு ஒரு டிபன் பாக்ஸ். எனக்குக் கட்ட நேரமில்லை, வழக்கம்போல.

மேனாம்பேட்டில் இரண்டு தெரு முடித்தேன். வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. எந்தக் கதவைத் தட்டினாலும் பெண்கள்தான்.

"உங்க வீட்டுக்காரர்?"

"வேலைக்குப் பூட்டாரு."

"எப்ப வருவாரு?"

"அவரு வர்றதுக்குள்ள நீ பூடுவியே அக்கா."

வாஸ்தவம். ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் எதுவோ, அதுதான் என் டூட்டி நேரம். யார் போட்ட கணக்கோ.

சாயங்காலம் சுகாதார நிலைய நர்ஸம்மா போன். "நீங்க பாத்ததுல ஆண்கள் நம்பர் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. என்ன பண்றீங்க?" வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். "ஒத்துழைப்பு இல்லைன்னு போட்டுடுங்க." போட்டேன். எரிச்சலோடுதான்.

எங்கள் வீட்டு ஆள் மட்டும் என்ன. நான் பி.பி. பட்டையைக் கையில் எடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னால் பள்ளிவாசல் சந்து. எனக்கு முன்னால் இந்த ஏரியாவைப் பார்த்தவள் இதற்குள் நுழைந்ததே இல்லையாம். "அதெல்லாம் பாய்ங்க இடம், கதவே தெறக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தாள். எல்லாக் கதவும் திறந்துதான் கிடந்தது, காற்றுக்காக. நோன்பு மாதம். அவர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் வீட்டுக்கு வீடு சொம்பு நீட்டுகிறார்கள். வேண்டாம் என்றால் "உனக்கின்னா நோன்பா, குடிக்கா" என்று அதட்டல் வேறு.

நூர்ஜஹான் என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். கணவர் ரஹீம், பிரியாணி மாஸ்டர். அவளுக்கு பி.பி. பார்த்துக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னாள்: "அவருக்குக் கால்ல நெருப்பு பட்டுச்சுக்கா. அவருக்குத் தெரியவே இல்ல."

பிரியாணிக்குத் தம் போடும்போது மூடி மேல் பரப்பிய கங்கில் ஒன்று செருப்புக்குள் விழுந்திருக்கிறது. செருப்பு பொசுங்கும் நாற்றம் வந்த பிறகு பக்கத்தில் நின்றவன்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறான். எப்போது என்றேன். போன மாதமாம். இன்னும் ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சுகர் பார்த்ததுண்டா?

"அவரு ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதே இல்லக்கா. அப்டி ஒடம்பு." பெருமையாகத்தான் சொன்னாள். ராத்திரியில் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று கேட்டேன். விரலை மடக்க ஆரம்பித்தாள். மடக்கிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா?"

ஒன்றுமில்லை, ஆளை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவளிடம் எப்படிச் சொல்வது.

மார்ச் 6, வியாழன்

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன், ஆள் இல்லை. இன்று மத்தியானம் காலையும் இழுத்துக்கொண்டு கடைக்கே போனேன். நோன்பு மாதம் என்பதால் வியாபாரம் மாலையில்தான். பின்கட்டில் விறகு அடுப்பு, வெங்காயம் உரிக்கும் ஆட்கள், புகை. ரஹீம் பாய் நல்ல உயரம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உதடு வெடித்துக் கிடக்கிறது. இடது காலில் அழுக்குத் துணிக் கட்டு.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். சிரித்தார்.

"இருவது வருசமா அடுப்பாண்ட நிக்கிறேன்மா. நெருப்பு நமக்குப் பழகிப் போச்சு. புதுசா வர்றவன்தான் சுட்டுச்சு சுட்டுச்சுன்னு குதிப்பான். மாஸ்டருக்குச் சுடாது."

வெங்காயக்காரர் ஒருவர் ஆமாம் போட்டார். "அண்ணாத்தே வெறுங்கையாலயே மூடியத் தூக்குவாரு."

அவர்களுக்கு அது ஒரு தகுதி. சுடவில்லை என்றால் தொழில் கைவந்துவிட்டது என்று அர்த்தம். இருபது வருடம் வேலை செய்தவனுக்குக் கிடைத்த பட்டம் மாதிரி பேசுகிறார்கள்.

"அது பழக்கம் இல்ல பாய், நரம்பு செத்துட்டு வருது" என்றேன். சிரிப்பு நின்றது. ஒரு சொட்டு ரத்தம் கொடுங்கள், இங்கேயே பார்த்துவிடலாம் என்றேன்.

"நோன்பு கீறேன்மா. ரத்தம் வந்தா நோன்பு பூடும்."

நோன்பு திறந்த பிறகு?

"அப்பதான் கடைல கூட்டம்."

அவ்வளவுதான். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் வயிற்றில் சுகர் பாருங்கள் என்று எங்களை விரட்டுகிறார்கள். சந்து முழுக்க வெறும் வயிற்றோடு இருக்கிறது, ஒருத்தர் விரலைத் தொட முடியவில்லை. என் தலையெழுத்து.

மார்ச் 7, வெள்ளி

தண்ணி லாரி வரவில்லை. மகளுக்கு ஜலதோஷம். தைலம் மறந்துவிட்டேன்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன், காலைக்குப் பதில் சாயங்காலம் போகட்டுமா என்று. ஆண்கள் அப்போதுதான் கண்ணில் படுகிறார்கள்.

"டைம் மாத்த எனக்குப் பவர் இல்லம்மா. காலைல முடிச்சுட்டு சாயங்காலமும் போறதுன்னா உங்க இஷ்டம்."

என் இஷ்டமாம். என் முழங்காலைக் கேட்டால் தெரியும்.

அலுப்பாக இருக்கிறது. அந்த மனுஷன் காலை நான் என்ன பண்ண முடியும்? கேட்காதவனை விட்டுவிட வேண்டியதுதான் என்று மதியம் வரை நினைத்தேன். நூர்ஜஹான் போன் செய்தாள். கட்டு மாற்றும்போது துர்நாற்றம் வந்ததாம்.

மார்ச் 8, சனி

மகளிர் தினமாம். குரூப்பில் விடிந்ததிலிருந்து ரோஜாப்பூ. நர்ஸம்மாவும் ஒன்று போட்டிருந்தார். அதற்கு அடுத்த செய்தி, ஆண்கள் நம்பர் என்ன ஆச்சு.

சாயங்காலம் தூக்குவாளியோடு பள்ளிவாசல் கஞ்சி வரிசையில் நின்றேன். நோன்புக் கஞ்சிக்கு யார் வேண்டுமானாலும் பாத்திரம் கொண்டுவரலாம், வரிசையில் பாதி எங்கள் தெரு. பள்ளிவாசலை ஒட்டிய காலி இடத்தில் அண்டா. கிண்டுவது ரஹீம் பாய். கடையில் மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன் தினமும் இது அவர் பொறுப்பு, கூலி வாங்குவதில்லை.

"இன்னாமா, கஞ்சி வாங்க வந்தியா, ரத்தம் வாங்க வந்தியா?"

வரிசை சிரித்தது. இரண்டுக்கும்தான் என்றேன்.

தொழுகை முடிந்து ஆண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். லேத்துக்காரர், கறிக்கடைக்காரர், பழைய இரும்பு பிரிப்பவர். இத்தனை ஆண்களை ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தேடித்தேடி அலைந்தவர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள்.

தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வந்தார். சின்ன வயதுதான், பேசும்போது தரையைப் பார்க்கிறார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் நோன்பு முறியுமா என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"முறியாதும்மா. யார் சொன்னாங்க?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கிறாங்க ஹஜ்ரத்" என்றார் ரஹீம் பாய்.

"எங்கிட்ட யாரும் கேக்கலியே பாய்." சொல்லிவிட்டு முதல் விரலை அவரே நீட்டினார். குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவருக்கு நார்மல்.

அதற்கு மேல் ரஹீம் பாயால் தட்ட முடியவில்லை. குத்தினேன். மெஷினில் நம்பர் வரவில்லை. அளக்க முடியாத உயரத்துக்குப் போனால் எழுத்துதான் வரும். விரலைத் துடைத்து மறுபடி பார்த்தேன். அதே எழுத்து.

"மெஷின் ரிப்பேரா?"

இல்லை பாய் என்றேன்.

கட்டைப் பிரித்தேன். விரல்கள் கறுத்து, அடிப்பாதம் வரை ஊறிப்போயிருக்கிறது. அதை ஊன்றிக்கொண்டுதான் அவ்வளவு பெரிய அண்டாவைக் கிண்டுகிறார். அவருக்கு வலியே இல்லை, பார்த்த எனக்குத்தான் கால் கூசியது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"பெருநா முடிச்சுட்டுப் போறேன்மா."

"ஒடம்பு முடியலன்னா நோன்ப விட மார்க்கத்துல எடம் கீது பாய்" என்றார் ஹஜ்ரத்.

"நோன்ப விடலாம் ஹஜ்ரத். அண்டாவ யார்கிட்ட விடறது? மாசம் முச்சூடும் நான் பாத்துக்கறேன்னு வாக்கு குடுத்துகீறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பெருநாளுக்குள் கால் போய்விடும், அப்புறம் எதை ஊன்றிக்கொண்டு நிற்பீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூர்ஜஹான் அப்போதுதான் வந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை.

"நான் கிண்டறேன்" என்றாள்.

பொம்பளையா, பள்ளிவாசல் அண்டாவையா என்று சுவரோரம் யாரோ முனகினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "ஊட்டுல இதே கஞ்சிய நான்தான் காச்சறேன். இவரு இங்க காச்சறதும் எங்கிட்ட கேட்டுகினு வந்ததுதான்."

ரஹீம் பாய் மறுக்கவில்லை. ஹஜ்ரத் தலையசைத்தார். கரண்டியை அப்போதே வாங்கிக்கொண்டாள்.

கஞ்சி வாங்காமலே வந்துவிட்டேன். தூக்குவாளி அங்கேயே கிடக்கிறது.

மார்ச் 10, திங்கள்

நேற்றே கூட்டிப்போக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடையில் மாற்று ஆள் இல்லை என்று முதலாளி விடவில்லையாம். இன்று போனோம். நூர்ஜஹானுக்கு அண்டா, அதனால் துணைக்கு நான். காலை ரயில், கூட்டம், பாய்க்கு உட்கார இடம் கேட்டு வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் வரிசை, டோக்கன், இன்னொரு வரிசை. கட்டுப் போடும் இடத்தில் ஒருவன், "இன்னா பாய், பிரியாணி ஓவரா?" பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமைப்பதோடு சரி, அவர் பிரியாணி சாப்பிட்டே வருடக்கணக்காகிறது, வாடையே பிடிக்காது என்று ரயிலில் சொல்லிக்கொண்டு வந்தார்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேலை பண்ணிகினு இருந்தேன் சார்."

நக்கல் இல்லை. கேட்டதற்குப் பதில். டாக்டர் சீட்டில் எழுதினார். அட்மிட்.

கையெழுத்துப் போடும்போது மட்டும் என்னைப் பார்த்தார். "வெட்டிடுவாங்களாமா?" தெரியாது பாய் என்றேன். தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது சமையல் ஆகவில்லை. எல்லோரும் கடைத் தோசை.

மார்ச் 12, புதன்

ஆபரேஷன் ஆகிவிட்டது. விரல்களும் முன்பாதமும் போயிற்று. குதிகால் மிச்சம். "கால் இருக்குதுக்கா, கால் இருக்குது" என்று நூர்ஜஹான் போனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம், இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

சாயங்காலம் தூக்குவாளியை எடுக்கப் பள்ளிவாசல் பக்கம் போனால், ஆண்கள் வரிசையாக விரலை நீட்டுகிறார்கள். ஹஜ்ரத் சொல்லி வைத்திருக்கிறார். லேத்துக்காரர் சட்டைக் கையை வேறு மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டே வந்தேன், பாதியில் சுகர் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது.

நர்ஸம்மாவுக்குப் போன். "அடுத்த மாசம்தான் வரும்மா. உங்க ஏரியால ஆண்கள் வர்றதில்லன்னு கம்மியா அனுப்பியிருக்காங்க."

நீட்டின கையோடு நின்றவர்களிடம் அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

மார்ச் 15, சனி

காலை டூட்டி முடித்து ஆஸ்பத்திரி. பாய் இளைத்துவிட்டார். கடையில் வேறு மாஸ்டர் வைத்துவிட்டார்களாம், அதையும் அவரே சொன்னார். இனிமேல் அடுப்பு முன்னால் நிற்க முடியுமா என்று என்னைக் கேட்டார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். கோழைத்தனம்தான். நூர்ஜஹான் சாயங்காலம் அண்டாவுக்குத் திரும்ப வேண்டும், அவசரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "யம்மா, இவ தம்பி பருத்திப்பட்டுல கீறான். அவனும் மாஸ்டர்தான்" என்றார்.

சரி என்றேன்.

"போன வருசம் ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் சமைக்கப் போனோம். கங்கு செதறிச்சு. அவன் வெறுங்காலால மிதிச்சு மிதிச்சு அணைச்சான். நாங்கல்லாம் கை தட்டினோம்."

நூர்ஜஹான் கையில் துணி அப்படியே நின்றது.

"போன் பண்ணா சிரிப்பான்மா. நான் சிரிச்சேன்ல. நேர்ல போ."

பருத்திப்பட்டு என் ஏரியா இல்லை. ஆவடி ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, எழுதுகிறேன். பையில் ஸ்ட்ரிப் கிடையாது. செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலையாவது பார்க்க வேண்டும்.